கூடப் பிறந்தவளும் வாழ வந்தவளும்

(கள்ளக்குறிச்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி, ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் நான் வாத்தியாராக இருந்தேன். தமிழ் வாத்தியார்தான். ஆங்கிலத்துக்கு ஆள் வராத வருஷம் ஆங்கிலமும் நானே எடுத்தேன். ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பாடத்தில் ‘சிஸ்டர் இன் லா’ என்று ஒரு சொல் வந்தது. கரும்பலகையில் எழுதி, பக்கத்திலேயே ‘மைத்துனி’ என்று பொருள் எழுதினேன். பிள்ளைகள் நோட்டில் இறக்கிக்கொண்டார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

“சார், மைத்துனின்னா யாரு? அண்ணியா, நாத்தியா, கொழுந்தியாளா, ஓப்படியாளா?”

“எல்லாரும்தான்” என்றேன்.

அவள் உட்காரவில்லை. “அது எப்படி சார்? அண்ணி நம்ம வீட்டுக்கு வாழ வந்தவ. நாத்தி அந்த வீட்டுல பொறந்தவ. ரெண்டு பேரும் எப்படி ஒண்ணாவாங்க?”

மணி அடித்துவிட்டது. அந்தக் கேள்வியோடு மலையிறங்கிய நான் அதற்கான விடையைத் தேடித்தான் பல வருஷம் படித்தேன். படிக்கப் படிக்க, அந்தப் பிள்ளை கேள்வியிலேயே விடையையும் வைத்திருந்தாள் என்று தெரிந்தது. பிறந்தவள், வாழ வந்தவள் என்று அவள் பிரித்தாளே, அந்தப் பிரிவினைதான் இன்றைய பேச்சு. அதற்காக உங்களைக் கொஞ்ச தூரம், பசிபிக் கடலில் இருக்கும் சமோவாத் தீவுகள் வரைக்கும் கூட்டிப்போகப் போகிறேன்.

முதலில் ஆங்கிலம். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர் அடைந்து கிடக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மனைவியின் அக்கா, மனைவியின் தங்கை, கணவனின் அக்கா, கணவனின் தங்கை, அண்ணன் மனைவி, தம்பி மனைவி, கணவனுக்கு அண்ணன் மனைவி, கணவனுக்குத் தம்பி மனைவி. எட்டுப் பேர். இந்த எட்டுப் பேரும் நம் வீட்டுப் பந்தியில் அடுத்தடுத்து உட்காரலாம், ஆனால் ஒருத்தியிடம் கேலி பேசலாம், ஒருத்தி வந்தால் எழுந்து நிற்க வேண்டும், ஒருத்தியிடம் அடுப்படியைப் பங்குபோட வேண்டும், ஒருத்தியிடம் தாலி முடிச்சுக்குத் தலைகுனிய வேண்டும். நம் சொற்கள் இந்த நடத்தையைத்தான் சொல்லுகின்றன.

‘இன் லா’ என்றால் சட்டப்படி என்று பொருள். எந்தச் சட்டம்? திருச்சபையின் சட்டம். கணவனும் மனைவியும் ஓருடல் என்பது அதன் கொள்கை. ஓருடல் ஆகிவிட்டால் மனைவியின் தங்கை கணவனுக்கும் தங்கைதான். மனைவி இறந்த பிறகும் அவளை அவன் மணக்கக் கூடாது. இங்கிலாந்தில் 1835-இல் இதை நாட்டின் சட்டமாகவே இறுக்கினார்கள், அப்படிப்பட்ட திருமணம் செல்லவே செல்லாது என்று. அதை மாற்ற நாடாளுமன்றத்தில் அறுபது வருஷத்துக்கு மேல் வாதாடினார்கள். 1907-இல்தான் இறந்த மனைவியின் சகோதரியை மணக்கலாம் என்று சட்டம் வந்தது. இறந்த சகோதரனின் மனைவியை மணப்பதற்கு 1921 வரை காத்திருந்தார்கள்.

இதை நம் ஊரோடு வைத்துப் பாருங்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு ஒரு பெண் கண்ணை மூடினால், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பெரியவர்கள் யாரைப் பற்றிப் பேசுவார்கள்? கொழுந்தியாளைப் பற்றி. “பிள்ளைக்குச் சித்தியே அம்மாவா இருக்கட்டும்” என்பார்கள். அந்தப் பெண்ணின் மனதைக் கேட்காமல் அப்படி முடித்துவைத்த திருமணங்கள் எனக்குத் தெரியும், அவற்றை நான் மெச்சவில்லை. சொல் எப்படி வழி காட்டுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அங்கே அவளைத் தங்கை என்று சொல்லிக் கதவை மூடினார்கள். இங்கே கொழுந்தியாள் என்று சொல்லித் திறந்து வைத்தார்கள்.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அப்பாவின் உடன்பிறந்தாளுக்கு ஒரு சொல், அம்மாவின் உடன்பிறந்தாளுக்கு வேறு சொல் இருந்தது. தாய்மாமனுக்கு ‘ஏஆம்’ என்று தனிச்சொல். சித்தப்பா பெரியப்பாவை அந்தச் சொல்லால் கூப்பிட முடியாது. மாமனார், மாமியார், மருமகள், மருமகன் ஒவ்வொருவருக்கும் ஒற்றைச் சொல் இருந்தது. கணவனின் சகோதரனுக்கு ‘தாகோர்’ என்று பெயர். இந்தியில் கொழுந்தனைத் ‘தேவர்’ என்கிறார்களே, அதற்கு அது ஒரே வேர்ச் சொந்தம். 1066-இல் நார்மானியர் வந்தார்கள். அவர்களுடைய பிரெஞ்சு வழியாக அங்கிள், ஆன்ட்டி, கஸின் எல்லாம் வந்து குடியேறின. பழைய சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. நம் வீடுகளில் இன்றைக்கு ஆன்ட்டியும் கஸினும் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பழைய கதைதான் ஞாபகம் வருகிறது.

இனி நம் கணக்கு. நம்மிடம் ‘சட்டப்படி’ என்று ஒட்டுப்போடும் வேலையே இல்லை. அத்தை என்றால் அப்பாவின் அக்கா தங்கை. மாமியாரும் அத்தைதான். மாமன் என்றால் அம்மாவின் அண்ணன் தம்பி. மாமனாரும் மாமாதான். கல்யாணம் ஆனபின் வந்து சேர்ந்த உறவுக்குத் தனிச்சொல் தேடவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அந்தச் சொல் காத்திருந்தது. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் எல்லாரும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை. மாமன், அத்தை பிள்ளைகள் முறைப்பிள்ளைகள். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949-50-இல் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்ந்து, திராவிட உறவுச்சொற்களின் உள்ளே ஓடுவது திருமண உறவுதான் என்று 1953-இல் எழுதினார். நம் பாட்டிகளுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

கள்ளக்குறிச்சிப் பக்கம் அக்கா வீட்டுக்காரரை நாம் ‘மாமா’ என்கிறோம். தெற்கே ‘அத்தான்’ என்பார்கள். நம்மிடம் ஏன் மாமா? அக்கா மகளைக் கட்டும் வழக்கம் இந்தப் பக்கம் உண்டு. அக்கா மகளைக் கட்டினால் அக்கா புருஷன் மாமனார். கூடப் பிறந்த அக்காவே மாமியார். என் அக்காவுக்குக் கல்யாணம் ஆன அன்று எனக்குப் பதினைந்து வயது. பந்தலிலேயே, “இனிமே மாமான்னு கூப்புடுடா” என்று பெரியம்மா சொல்லிக்கொடுத்தாள். அந்தச் சொல்லுக்குள் இருபது வருஷம் கழித்து நடக்கக்கூடிய ஒரு கல்யாணம் மடித்து வைத்திருந்தது எனக்கு அப்போது தெரியாது. அப்படி நடக்கவும் இல்லை, நல்லவேளை. சொந்தத்தில் மணமுடித்துப் பிள்ளைகள் நோயோடு பிறந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலும் தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் சொந்தத்துக்குள் நடந்தவை. வழக்கம் குறைய வேண்டும் என்பதே என் எண்ணம். வழக்கம் போனாலும் சொல் தங்கும்.

இந்த முறையைக் கண்டு அமெரிக்காவில் ஒருவர் திகைத்துப்போனார். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரத்து வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன். தன் ஊருக்குப் பக்கத்தில் வாழ்ந்த செனகா பழங்குடியினரின் உறவுச்சொற்களைத் தொகுத்தவர், உலகம் முழுவதும் கேள்விப்பட்டியல் அனுப்பினார். தமிழுக்கான பதில் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கட்டர் குடும்பத்துப் பாதிரியார் வழியாக 1859-இல் கிடைத்தது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சித்தப்பாவும் அப்பாதான், பெரியம்மாவும் அம்மாதான் என்று இரண்டும் ஒரே மாதிரி பிரிக்கின்றன. அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து போனவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று முடிவு கட்டினார். அந்த வாதம் நிற்கவில்லை. ஆனால் 1871-இல் வெளியான அவருடைய பெரிய நூலின் அட்டவணைகளில் நம் அத்தையும் மாமனும் ஏறிவிட்டார்கள்.

மலைக்கு வருவோம். கல்வராயன் மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் அந்தப் பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் சொல்லும் கதை. பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்களாம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் அச்சிட்ட தொகுப்பில் இந்தக் கதை இருக்கிறது. ஆதிப் பெயர்களே உறவுச்சொல்லாக இருப்பதைப் பாருங்கள். கல்வராயன் மலை சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களாக நெடுங்காலம் இருந்து 1976-இல்தான் அரசின் கைக்கு முழுதாக வந்தது. சாலையும் பள்ளியும் தாமதமாக வந்த அந்த மலையில் உறவுமுறை மட்டும் ஊரை நடத்திக்கொண்டிருந்தது. அங்கே ஒவ்வொரு குடும்பமும் ஒரு வகையறா. சில வகையறாக்கள் தங்களுக்குள் பங்காளிகள், பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. மற்றவை மாமன் மச்சான்.

நான் மலைக்குப் போன முதல் வாரம். டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார், “எந்த ஊரு, என்ன வகையறா?” ஊரைச் சொன்னேன், வகையறா என்னிடம் இல்லை. அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். முறை தெரியாத ஆளை என்னவென்று கூப்பிடுவது? “எங்க புள்ளைங்களுக்குப் படிப்பு சொல்ல வந்திருக்கே. பங்காளியா வெச்சுக்கறேன், தம்பி” என்றார். அன்று மாலை அவர் வீட்டு வழியாகப் போனேன். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி முறத்தை நிறுத்தி, “வாங்க கொழுந்தனாரே” என்றார். உள்ளேயிருந்து ஓடிவந்த அவர்கள் மகள் “சித்தப்பா” என்றாள். பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த அந்த அம்மாளின் தம்பி, “அப்ப எனக்கு மச்சான்” என்று சிரித்தார். மதியம் டீக்கடையில் விழுந்த ஒரே ஒரு சொல், பொழுது சாய்வதற்குள் எனக்கு ஓர் ஊர் சொந்தத்தைக் கொடுத்துவிட்டது. யாரிடம் கேலி பேசலாம், யாரிடம் பேசக் கூடாது என்பதையும் சேர்த்து.

அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போகிறவன் பரியம் கொடுக்க வேண்டும். வரதட்சணை வாங்குகிற சமவெளியிலிருந்து போன எனக்கு இது பெரிய பாடம். பெண் வெளியே போவது அந்த வீட்டுக்கு இழப்பு. அந்த இழப்புக்கு ஈடு வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். சமவெளியில் அவளை அனுப்புவதற்கே நாம் காசு கொடுக்கிறோம்.

இப்போது சமோவா. பிஜிக்கு வடகிழக்கே இருக்கும் தீவுக்கூட்டம். மேற்குப் பகுதி 1962-இல் விடுதலை பெற்றது, கிழக்குப் பகுதி இன்றும் அமெரிக்காவின் கையில். அவர்களுடைய மொழியில் ‘ங’ என்ற ஒலி தனியாக, தாராளமாக வரும். நம் நெடுங்கணக்கில் ஙப்போல் வளை என்று சொல்வதற்கு மட்டும் உயிர்வாழும் எழுத்து அங்கே அன்றாடம் புழங்குகிறது. குடும்பத்தை ‘ஐஙா’ என்கிறார்கள்.

அங்கே சகோதரிக்கு ஒற்றைச் சொல் கிடையாது. யாருடைய சகோதரி என்று கேட்பார்கள். ஓர் ஆணுக்கு அவன் சகோதரி ‘துவாஃபாஃபினே’. ‘ஃபாஃபினே’ என்றால் பெண். ஒரு பெண்ணுக்கு அவள் சகோதரன் ‘துவாஙானே’. பெண்ணுக்குப் பெண் உடன்பிறந்தால் ‘உஸோ’. ஆணுக்கு ஆண் உடன்பிறந்தாலும் அதே ‘உஸோ’. அக்காவா தங்கையா என்பதை அந்தச் சொற்கள் கேட்பதில்லை. ஆணும் பெண்ணும் எதிரெதிரே நிற்கிறார்களா, ஒரே பக்கம் நிற்கிறார்களா என்பதையே கேட்கின்றன. நாம் வயதைக் கேட்கிறோம். ஆங்கிலம் இரண்டையும் கேட்பதில்லை. ஆங்கில நாவலை மொழிபெயர்க்கிற நண்பர் ஒருவர் ‘ஹெர் சிஸ்டர்’ என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, அக்காவா தங்கையா என்று தெரிந்துகொள்ள நூறு பக்கம் முன்னே போய்த் தேடியதைப் பார்த்திருக்கிறேன்.

யாருடைய என்று கேட்கும் பழக்கம் தமிழுக்கும் இருந்தது. ‘எந்தை’ என் தந்தை, ‘நுந்தை’ உன் தந்தை, ‘தந்தை’ அவர் தந்தை. கம்பனில் ‘எம்பி’யும் ‘உம்பி’யும் உண்டு. அதே வரிசையில் ‘எங்கை’, ‘நுங்கை’, ‘தங்கை’. தங்கை என்ற சொல்லுக்குள் ‘தம்’ ஒளிந்திருக்கிறது. இன்றைக்கு ‘என் தங்கை’ என்கிறோமே, பழைய கணக்கில் அது ‘என்னுடைய அவருடைய தங்கை’. இன்னொன்று. சங்கப் பாடல்களில் தலைவி தன் கணவன் போய்வருகிற பரத்தையை ‘எங்கை’ என்று சொல்லும் இடங்கள் உண்டு. வேறு எந்தச் சொல்லாலும் அந்தக் காயத்தை அப்படிக் காட்டியிருக்க முடியாது. தங்கை என்ற முறையைக் கொடுத்து அவளைத் தனக்குக் கீழே வைக்கிறாள், அதே மூச்சில் ஒரே ஆணுக்கு இருவரும் என்று ஒப்புக்கொள்கிறாள்.

சமோவாவில் சகோதரி என்றால் வெறும் உடன்பிறப்பு இல்லை. அவளை ‘ஃபெயாஙைஙா’ என்கிறார்கள். உடன்படிக்கை என்று பொருள். சகோதரனுக்கும் சகோதரிக்கும் நடுவே இருக்கிற உடன்படிக்கை அது. அவன் அவளைக் காப்பான், அவளுக்குப் பணிசெய்வான், முதல் மரியாதை அவளுக்குத் தருவான். அவள் பாய் பின்னிக் குடும்பத்துக்குப் பெருமை சேர்ப்பாள். ‘இஎ சமோவா’ என்ற அந்த மெல்லிய பாயை 2019-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வயது வந்த பிறகு சகோதரனும் சகோதரியும் ஒரு கூரையின் கீழ் படுப்பதில்லை, சகோதரி இருக்கும் இடத்தில் சகோதரன் காதில் விரசமான பேச்சு விழக் கூடாது. குடும்பத் தலைமைப் பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி வந்தால் சகோதரன் வழி வந்தவர்கள் ‘தமாதானே’ ஒரு பக்கம், சகோதரி வழி வந்தவர்கள் ‘தமாஃபாஃபினே’ மறுபக்கம் உட்கார்ந்து பேசுவார்கள். சகோதரி பிள்ளையைப் புனிதப் பிள்ளை என்பார்கள். 1925-இல் அந்தத் தீவுகளுக்குப் போய் ஆய்ந்த மார்கரெட் மீட், அப்பாவின் சகோதரி சபித்தால் வம்சம் தழைக்காது என்ற அச்சத்தைக் குறித்து வைத்திருக்கிறார். “கூடப் பிறந்தவ வயிறெரிஞ்சா வீடு வெளங்காது” என்று நம் ஊரில் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது உடல் சிலிர்த்தது. 1830-இல் கிறித்துவம் அங்கே வேர்பிடித்த பிறகு ஊர்ப் போதகரையும் ஃபெயாஙைஙா என்று அழைக்கத் தொடங்கினார்கள். கடவுளின் ஆளுக்குக் கொடுக்கத்தக்க மரியாதைச் சொல்லைத் தேடியபோது அவர்கள் கைக்குக் கிடைத்தது சகோதரியின் சொல்.

அங்கே மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை எல்லாருமே உடன்பிறப்புகள். நம் முறைப்பெண் அங்கே துவாஃபாஃபினே. அவளை மணக்கும் பேச்சே கூடாது. அக்கா மகளைக் கட்டுவது என்பதைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஒரே பெண்தான். தமிழில் அவள் முறைப்பெண், ஆங்கிலத்தில் கஸின், சமோவாவில் தங்கை.

அப்படியானால் நாத்தனாருக்கும் கொழுந்தியாளுக்கும் அங்கே என்ன சொல்? தனிச்சொல் இல்லை, கோத்துச் சொல்வார்கள். துணைவரை, ஆணானாலும் பெண்ணானாலும், ‘தொஅலுவா’ என்பார்கள். இருவர் என்று பொருள். என் துணையின் துவாஃபாஃபினே என்று ஒரு பெண் சொன்னால் அது நாத்தனார். என் துணையின் உஸோ என்று ஆண் சொன்னால் கொழுந்தியாள், அதையே பெண் சொன்னால் கொழுந்தன். சொல்பவர் யாரென்று பார்த்தால்தான் சொல்லப்படுபவர் யாரென்று தெரியும்.

பக்கத்துத் தீவான பிஜி இன்னும் நமக்கு நெருக்கம். அங்கே மாமன் மகனும் மச்சானும் ஒரே சொல், ‘தவாலே’. தாய்மாமன் பொருளில் சகோதரி மகன் உரிமையோடு கைவைக்கலாம், அந்த உரிமைக்கு ‘வாசு’ என்று பெயர். தாய்மாமனை ‘மோமோ’ என்பார்கள். ஒலி ஒத்திருப்பது தற்செயல், அதை வைத்து யாரும் வரலாறு கட்டிவிட வேண்டாம். ஆனால் முறை ஒத்திருப்பது உண்மை. 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றப்பட்ட நம் ஆட்கள், கடல் தாண்டிப் போய், மச்சானும் மாமனும் இருக்கிற ஓர் ஊரிலே இறங்கினார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு இளகுகிறது.

இப்போது அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். பிறந்தவள், வாழ வந்தவள். சமோவாவில் துவாஃபாஃபினேயாக முதல் மரியாதை பெற்ற அதே பெண், கல்யாணமாகிக் கணவன் வீட்டுக்குப் போனால் அவள் பெயர் ‘நோஃபோதானே’. கணவனிடத்தில் தங்கியவள் என்று சொல்லலாம். அங்கே அவள் நிலை தாழ்வு. சமைப்பது, பரிமாறுவது, பெரியவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருப்பது, பேச்சில் இடமில்லாதது. மனைவி வீட்டில் போய்த் தங்கும் ஆணுக்கும் ஒரு சொல் உண்டு, ‘ஃபையாவா’. வீட்டோடு மாப்பிள்ளை. அவன் பாடும் கிட்டத்தட்ட அதுதான்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? தாலி கட்டும் நேரம் வருகிறது. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடுகிறார், பின்னால் நிற்கும் நாத்தனார் அடுத்த முடிச்சுகளைப் போடுகிறாள். நாத்தனார் விளக்குப் பிடிக்கிறாள். அந்த விளக்குக்கும் அந்த முடிச்சுக்கும் அவளுக்குத் தனிச் சேலை உண்டு. அவள் கோபித்துக்கொண்டால் மணவறை நிற்கும். அவளே மறுநாள் தன் புருஷன் வீட்டுக்குத் திரும்பியதும் மருமகள். மாமியார் எழுந்திருக்குமுன் வாசல் தெளிக்க வேண்டும். இங்கே விளக்கைப் பிடித்த கை அங்கே விளக்குமாற்றைப் பிடிக்கிறது. ஒரே பெண் ஒரே வாரத்தில் இரண்டு சொல்லாக வாழ்கிறாள். ஒரு சொல் உரிமையைச் சொல்கிறது, மற்றது கடமையைச் சொல்கிறது. ஆங்கிலத்து ‘சிஸ்டர் இன் லா’ இந்த இரண்டு வாசலையும் ஒன்றாக்கிவிட்டது, அதனால்தான் அந்தப் பிள்ளையால் உட்கார முடியவில்லை.

கண்ணகி மதுரைக்கு வந்து மாதரி வீட்டில் தங்குகிறாள். சொந்தம் யாருமில்லை. சிலப்பதிகாரம் மாதரி மகள் ஐயையைக் கண்ணகிக்கு ‘நாத்தூண் நங்கை’ ஆக்குகிறது. புதிய ஊரில் அடுப்பு மூட்டப் போகிறவளுக்குப் பக்கத்தில் ஒரு நாத்தனார் வேண்டும் என்று இளங்கோவுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த ‘நங்கை’ நம் மாவட்டத்திலேயே இன்னொரு இடத்தில் ஒலிக்கிறது. உளுந்தூர்பேட்டை பக்கம் கூவாகத்தில் சித்திரை மாதம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு நாடெங்கும் இருந்து திருநங்கைகள் வருகிறார்கள். சமோவாவிலும் ஆணாய்ப் பிறந்து பெண்ணாய் வாழ்பவர்கள் உண்டு, ‘ஃபஅஃபாஃபினே’ என்று பெயர். பெண்ணின் வழியில் இருப்பவர் என்று பொருள். திருநங்கைகளிடையே மூத்தவர் இளையவரை மகளாகத் தத்தெடுப்பார். ஒரு தாய்க்குத் தத்துப்போனவர்கள் அக்கா தங்கைகள். பிறந்த வீடு கதவடைத்த பிறகு அவர்கள் முதலில் கட்டிக்கொண்டது இந்தச் சொற்களைத்தான். கூவாகத்தில் ஒரு மரத்தடியில், அழுதுகொண்டிருந்த ஓர் இளம் திருநங்கையின் தலையை மடியில் வைத்து, “அக்கா இருக்கேன்ல” என்று ஒருவர் சொன்னதைக் கேட்டேன். நான் சொல்ல வந்ததையெல்லாம் அவர் அந்த இரண்டு சொல்லில் வைத்திருந்தார்.

இந்தச் சொற்கள் கடல் கடந்தும் கூடவே போகின்றன. 2020 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை நிகழ்த்தியபோது ஆங்கிலப் பேச்சின் நடுவே ‘சித்தி’ என்ற சொல்லைச் சொன்னார். அம்மாவின் தங்கைகளை ‘ஆன்ட்டி’ என்று சொல்லியிருந்தால் எல்லாருக்கும் புரிந்திருக்கும். ஆனால் அந்த மேடையில் அவருக்கு அது போதவில்லை. அன்றைக்கு அமெரிக்காவே அந்தச் சொல்லைத் தேடிப் பொருள் பார்த்தது.

இனி எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி. சகோதரிக்கு இத்தனை சொல் வைத்திருக்கிறோமே, நிலம் எத்தனை வைத்தோம்? தமிழ்நாடு 1989-இல் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை கொடுத்தது; அதற்கு முன் கல்யாணமான பெண்கள் அதில் வரவில்லை. 2005-இல் மத்தியச் சட்டம் அந்தத் தடையையும் எடுத்தது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவின்படி, மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய, அந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. கல்வராயன் மலையில் என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்கு அவள் அப்பா நிலத்தில் பங்கு உண்டா என்பதை வழக்கம்தான் தீர்மானிக்கும். இந்த விலக்கை மாற்றுவது பற்றி ஆராயுமாறு உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் மத்திய அரசுக்குச் சொன்னது. 2025 ஜூலையில், வழக்கத்தில் தடை இருப்பதாகக் காட்டாத வரை பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்கும் சமபங்கு உண்டு என்று சத்தீஸ்கர் வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. மலையில் இந்தச் செய்தியை எத்தனை அக்கா தங்கைகள் கேட்டிருப்பார்கள்? சீர் செய்கிறோம், அவள் பிள்ளையைக் காதுகுத்துக்கு மடியில் வைக்கிறோம், அவள் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி எடுத்துப் போகிறோம். இவ்வளவும் உண்மையான அன்பு. ஆனால் கோடித் துணி நிலத்துக்கு ஈடாகாது.

சமவெளியில் நாங்கள் வேறு வழி வைத்திருந்தோம். எங்கள் அப்பா 1994-இல் காலமானார். கோமுகி அணை வாய்க்கால் பாயும் ஒன்றரை ஏக்கர் நஞ்சை. மறுவருஷம் அக்காவைப் பத்திர அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். விடுதலைப் பத்திரம். தனக்குள்ள பாத்தியதையை முழுவதுமாக விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்ததை எழுத்தர் வேகமாக வாசித்தார். அக்கா எதுவும் கேட்கவில்லை. விரலில் மையோடு வெளியே வந்தவளுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தேன். பஸ் ஏறும்போது, “பொங்கச் சீர மட்டும் நிறுத்திடாதடா” என்றாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பத்திரத்தைப் பலமுறை எடுத்துப் படித்திருக்கிறேன். அதில் ‘அக்கா’ என்ற சொல்லே இல்லை. ‘சகோதரி’ என்றிருந்தது. வயது சொல்லாத, முறை சொல்லாத, யாருக்கும் பொருந்துகிற சொல். என்னை இடுப்பில் சுமந்தவளை அந்தச் சொல்லுக்குள் அடையாளம் காணவே முடியாது.

போன தை மாதம் அந்த நிலத்தில் பாதியை அவள் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதினேன். எழுத்தரிடம், சகோதரி என்ற இடத்தில் ‘அக்காள்’ என்று போடச் சொன்னேன். “பத்திரத்துல அப்படி எழுதற வழக்கம் இல்லீங்களே” என்றார். பிறகு அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும் என்று முழுப் பக்கத்தையும் புதிதாகத் தட்டச்சுச் செய்து கொடுத்தார். அக்காவுக்கு இப்போது கண் மங்கல். காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலை வைத்து, அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, “ஒரு காபி வாங்கிக் குடுடா, தலை வலிக்குது” என்றாள்.